ஸ்பாட்டிங் ஸ்கோப், ரேஞ்ச்ஃபைண்டர், பைனாகுலர்: மூன்றையும் சுமப்பதா, ஒன்றாக்குவதா?

மலைச்சரிவு (கொலராடோ)

வணக்கம். போன அக்டோபரில் நான் கோட்டைவிட்ட ஒரு பெண் எல்க் மான்தான் இந்த இழைக்குக் காரணம்.

சாயங்காலம், சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிப் பத்து நிமிடம் இருக்கும். எதிர்ச்சரிவில் ஆஸ்பென் மரங்களை விட்டு நாலு எல்க் மேய வெளியே வந்தன. என் கழுத்தில் 10×42 பைனாகுலர் (10 மடங்கு, 42 மி.மீ. வில்லை), இடுப்புப் பையில் தூரம் அளக்கும் ஒற்றைக்கண் ரேஞ்ச்ஃபைண்டர், முதுகுப்பையில் 65 மி.மீ. ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது ட்ரைபாடில் வைத்துப் பார்க்கும் ஒற்றைக்குழாய்த் தொலைநோக்கி. என்னிடம் இருந்தது பெண் எல்க்குக்கான லைசென்ஸ். அந்த வெளிச்சத்தில் எதற்குக் கொம்பு இருக்கிறது, எதற்கு இல்லை என்று பைனாகுலரில் தீர்மானிக்க முடியவில்லை. பையைக் கழற்றி, ட்ரைபாடை விரித்து, ஸ்கோப்பில் தேடிப் பிடித்தேன். மூன்று பெண். நாலாவது, காது உயரத்துக்குக் குச்சி மாதிரி கொம்பு வைத்த இளங்காளை. நல்லவேளை பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டே ரேஞ்ச்ஃபைண்டரைத் தேடினால் அது பையின் அடியில் கையுறைக்குள் சிக்கிக் கிடக்கிறது.

ஒருவழியாக எடுத்து அழுத்தினேன்: 412 கெஜம். மறுபடி அழுத்தினேன்: 412. சரி என்று டர்ரெட்டை (தூரத்துக்கேற்ப ஸ்கோப்பின் குறியை மாற்றும் குமிழை) திருப்பிச் சுட்டேன். எல்லாம் ஓடிவிட்டன. நின்ற இடத்தில் கொஞ்சம் முடி கிடந்தது, ரத்தம் ஒரு சொட்டு இல்லை. இரவு 2 மணி நேரம், மறுநாள் மதியம் வரை தேடிவிட்டுத்தான் மனசு கொஞ்சம் ஆறியது.

மறுநாள் அந்த முடி கிடந்த இடத்தில் நண்பனை நிற்க வைத்து அளந்தேன். 455. நான் முந்தின நாள் அளந்தது எல்க்கை அல்ல, அதற்கு முன்னால் இருந்த ஓக் புதரை. என் 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் ரைஃபிளுக்கு அந்த 43 கெஜம் என்பது 7, 8 அங்குலம் கீழே. இதயத்தைப் பார்த்து மார்பின் கீழ்ப்பகுதியில் வைத்திருந்தேன். குண்டு அடிவயிற்று முடியை உரசிக்கொண்டு போயிருக்கிறது.

இந்த வருடம் 3,000 டாலர் வரை செலவு செய்யலாம் என்றிருக்கிறேன். யோசிப்பது மூன்று வழி. ரேஞ்ச்ஃபைண்டர் உள்ளேயே இருக்கும் பைனாகுலர் வாங்கலாம். அல்லது ஸ்பாட்டிங் ஸ்கோப்போடு ரேஞ்ச்ஃபைண்டரைச் சேர்த்துக் கட்டிவிடலாம். அல்லது ரைஃபிள் ஸ்கோப்பிலேயே தூரம் காட்டும் புது வகை. எது உருப்படி?

பாய்சிக்காரன் (இடாஹோ)

மூன்றாவதை இப்போதே அடித்துவிடுங்கள். கொலராடோ வேட்டை விதிப்படி, கம்ப்யூட்டர் பிராசஸர் உள்ள ஸ்கோப் மாட்டிய துப்பாக்கி "ஸ்மார்ட் ரைஃபிள்" கணக்கில் வரும். அதைக் கொண்டு வேட்டையாடக்கூடாது. தூரம் அளந்து குறிப்புள்ளியை ஏற்றி இறக்கிக் காட்டும் ஸ்கோப்புக்குள் பிராசஸர் இல்லாமல் இருக்குமா?

எங்கள் ஊரில் இன்னும் கறார். பெரிய விலங்கு வேட்டையில் துப்பாக்கியிலோ ஸ்கோப்பிலோ மின்னணுக் கருவி எதுவும் ஒட்டியிருக்கக்கூடாது. ரெட்டிகிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு) ஒளிர்வதற்கு மட்டும் விலக்கு. துப்பாக்கி, ஸ்கோப், பட்டை எல்லாம் சேர்த்து 16 பவுண்டைத் தாண்டவும் கூடாது. ஆக, தூரம் அளப்பது கையிலோ ட்ரைபாடிலோ இருக்கட்டும், துப்பாக்கியில் வேண்டாம். கடைக்காரர் இதையெல்லாம் சொல்லமாட்டார். விற்கும்போது அது எந்த மாநிலத்தில் சுடப்போகிறது என்பது அவருக்குக் கவலை இல்லை.

தென்தீவு (கிறைஸ்ட்சர்ச், நியூசிலாந்து)

நான் முதல் வழிக்குக் கட்சி. ஆறு வருடமாக ரேஞ்ச்ஃபைண்டர் உள்ள 10×42 பைனாகுலர்தான் நெஞ்சில் தொங்குகிறது. இந்த வகை ஒன்றும் நேற்று வந்ததல்ல, லைக்கா 1992-லேயே ஜியோவிட் என்று கொண்டுவந்துவிட்டது. இப்போதுதான் நம்மைப் போன்றவர்கள் வாங்கும் விலைக்கு இறங்கியிருக்கிறது.

நாங்கள் தேடுவது தார் ஆடு. இமயமலைக்காரன். 1904-ல் ஆவோராக்கி (மவுண்ட் குக்) மலைப் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். வேட்டையாட ஆளில்லாத மலையில் பெருகி, இப்போது மொத்த எண்ணிக்கை 10,000 தாண்டக்கூடாது என்று 1993 முதல் அரசுத் திட்டமே இருக்கிறது. நம் நீலகிரி வரையாட்டையும் இதையும் ஒரே பேரினத்தில்தான் ரொம்ப காலம் வைத்திருந்தார்கள். 2005-ல் மரபணுவைப் பார்த்துவிட்டு வரையாடு செம்மறிக்குத்தான் நெருக்கம் என்று பிரித்துவிட்டார்கள். முதல்முறை பாறை விளிம்பில் ஒரு தாரைப் பார்த்தபோது எனக்கு வால்பாறை ரோட்டில் வரையாடு பார்த்த ஞாபகம்தான் வந்தது. சுட மனசு வரவில்லை. அன்றைக்கு டீ குடித்துவிட்டு இறங்கிவிட்டேன். அது வேறு கதை.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் ஆடு, நடுவில் 350 மீட்டர் காற்று. ஆடு சும்மா நிற்காது. பார்த்த கண்ணாடியிலேயே விரலை அழுத்தினால் தூரம் வந்துவிட வேண்டும். கண்ணாடியை இறக்கி இன்னொன்றை ஏற்றும் அந்த ஐந்து விநாடியில் எது எங்கே நின்றது என்பதே குழம்பிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். ஸ்கோப்பில் பார்த்தது ஒரு எல்க், ரேஞ்ச்ஃபைண்டரில் தேடிப்பிடித்தது வேறு பழுப்பு.

இன்னொன்று, சாய்வு. 30 டிகிரி மேலேயோ கீழேயோ சுடும்போது 400 மீட்டர் என்று காட்டினால், குண்டின் இறக்கத்துக்குக் கணக்கில் எடுக்க வேண்டியது சுமார் 346 மீட்டர்தான். இப்போது வரும் பைனாகுலர்கள் சாய்வையும் அளந்து இந்த எண்ணையே காட்டிவிடுகின்றன. எங்கள் மலையில் இது இல்லாமல் தலைக்கு மேலேயே சுட்டுக்கொண்டிருப்போம்.

ஸ்பாட்டிங் ஸ்கோப்பை இளங்காளையா கிழடா என்று பார்க்க வேண்டிய நாளில் மட்டும் எடுத்துப் போவேன். மே, ஜூனில் பிடரிமயிர் முழுதாக வளர்ந்திருக்கும்போது அதுகூட வேண்டியிருக்காது.

பனிக்காட்டான் (ஆல்பர்ட்டா)

தம்பி, கோபித்துக்கொள்ளாதே. நான் 28 வருடமாக வேட்டையாடுகிறேன். 300 கெஜத்துக்கு மேல் சுட்டதில்லை. 300-க்குள் போய்விட்டால் இந்த மூன்று கண்ணாடியும் வேண்டாம், டர்ரெட்டும் வேண்டாம். உன்னுடைய 43 கெஜப் பிழை 250-ல் நடந்திருந்தால் குண்டு சில அங்குலம்தான் தள்ளியிருக்கும், எல்க் வீட்டுக்கு வந்திருக்கும். 3,000 டாலருக்கு நல்ல பூட்ஸ் வாங்கி நட.

பேட்டரியை நம்பி மலை ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மைனஸ் 25-ல் எண் வருவதற்குப் பதிலாகத் திரையே வெளிறிப்போகும்.

ஆயிரம்கெஜம் (டெக்சஸ்)

பனிக்காட்டான் அண்ணன் சொல்வதை மறுக்கமாட்டேன். நான் இரும்புத் தகட்டைச் சுடுகிறவன், தகடு வலிக்கிறது என்று சொல்லாது. 600 கெஜத்துக்குக் குண்டு போய்ச் சேர முக்கால் விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் எல்க் ஒரு அடி எடுத்து வைத்தால் என்ன கண்ணாடி வைத்திருந்தும் பயனில்லை. ஆனால் கேள்வி கருவியைப் பற்றியது, அதனால் கருவியைப் பற்றிப் பேசுகிறேன். கொஞ்சம் நீளம்.

ரேஞ்ச்ஃபைண்டர் அனுப்புவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புத் துடிப்பு. நாம் வாங்கும் விலையில் பெரும்பாலும் 905 நானோமீட்டர். பட்டுத் திரும்பி வரும் நேரத்தை எண்ணித் தூரம் சொல்கிறது. ஒரு மீட்டர் போய்வர ஒளிக்கு 6.67 நானோவிநாடி. எண்ணுவதில் அது தப்பு செய்வது அபூர்வம். எதில் பட்டுத் திரும்பியது என்பதில்தான் தப்பு வரும். மலைச்சரிவின் 412 சரியான எண்தான், புதருக்கு.

கதிர் நூல் பிடித்த மாதிரி போவதில்லை. டார்ச் வெளிச்சம் மாதிரி விரியும், அதுவும் வட்டமாக அல்ல, பட்டையாக. 1.5-க்கு 0.5 மில்லிரேடியன் (ஒரு மில்லிரேடியன் என்பது 1,000 மீட்டரில் ஒரு மீட்டர் விரியும் கோணம்) என்று போட்டிருந்தால் 500 மீட்டரில் அது 75 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம். எல்க்கின் மார்பு மேலிருந்து கீழ்வரை 60 செ.மீ. சுற்று. பட்டை நின்றவாக்கில் இருந்தால் முதுகுக்கு மேலும் காலுக்குக் கீழும் வழியும். படுத்தவாக்கில் இருந்தால் பக்கத்துக் கிளையில் படும். இது எந்தப் பக்கம் என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. பெட்டியில் எல்லோரும் படிப்பது "4,000 கெஜம்" என்ற பெரிய எழுத்தை. அது பளபளக்கும் பலகைக்கு. மான் தோலுக்கு அதில் பாதிகூட வராது.

இப்போது முக்கியமான ஒன்று. கண்ணாடியில் தெரியும் கறுப்பு அல்லது சிவப்பு வட்டம் வெறும் சித்திரம்தான். கதிர் அதன் நடுவில்தான் போகிறது என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. நான் வாங்கிய மூன்றில் ஒன்று வட்டத்துக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. சோதிக்கச் செலவே இல்லை. 300 மீட்டரில் தனியாக நிற்கும் மின்கம்பம் ஒன்றைப் பிடியுங்கள், பின்னால் வானம் மட்டும் இருக்க வேண்டும். 30 செ.மீ. தடிமன் கம்பம் அங்கே ஒரு மில்லிரேடியன். ட்ரைபாடில் வைத்து, இடதுபக்க வானத்திலிருந்து மெல்ல வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே அழுத்துங்கள். எண் முதலில் எப்போது வருகிறது, எப்போது மறைகிறது என்று தாளில் வட்டம் போட்டுக் குறியுங்கள். மேல் கீழ் பார்க்க ஒரு கூரையின் மேல்விளிம்பு போதும். கால் மணி நேரத்தில் உங்கள் கதிரின் உண்மையான படம் கையில் இருக்கும்.

அடுத்து "முதல் இலக்கு, கடைசி இலக்கு" என்ற அமைப்பு. புல், புதர், தூறலுக்கு நடுவே அளக்கும்போது கடைசி இலக்கில் வையுங்கள். கிட்ட இருக்கும் திரும்பலை விட்டுவிட்டுத் தூரத்தில் இருப்பதைச் சொல்லும். மலைமுகட்டில் நிற்கும் விலங்குக்கு மட்டும் ஆகாது, பின்னால் இருக்கும் அடுத்த மலையைச் சொல்லிவிடும்.

இவ்வளவும் தூரத்துக்கு. ஆனால் 500, 600-ல் நான் தவறவிடும் குண்டுகளில் பாதிக்கு மேல் தூரத்தால் அல்ல, காற்றால். 6.5 க்ரீட்மூர் தோட்டாவில் 600 கெஜத்தில் 10 கெஜம் தப்பாக அளந்தால் 3 அங்குலத்துக்குச் சற்று மேல் தள்ளும். மணிக்கு 10 மைல் பக்கக்காற்றைக் கவனிக்காமல் விட்டால் ஒன்றரை அடி தாண்டிவிடும். காற்றைக் காட்டுவது ரேஞ்ச்ஃபைண்டர் அல்ல, ஸ்பாட்டிங் ஸ்கோப். இலக்கில் ஃபோகஸ் செய்துவிட்டு, குமிழை லேசாக நம் பக்கம் திருப்பினால் நடுவழியில் இருக்கும் கானல் தெரியும், வாய்க்கால் தண்ணீர் ஓடுவது போல. நேரே மேலே கொதித்தால் காற்றே இல்லை, அல்லது நேர் முன்னோ பின்னோ அடிக்கிறது. சாய்ந்து ஓடினால் பக்கக்காற்று. 10, 12 மைலில் படுத்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு என்று கானல் சொல்லாது.

அதனால் என் கருத்து, தூரத்தைப் பைனாகுலருக்குக் கொடுங்கள், காற்றையும் அடையாளத்தையும் ஸ்கோப்புக்கு விடுங்கள். இரண்டு வேலையும் ஒரே குழாயில் வேண்டாம்.

மலைச்சரிவு

நன்றி அண்ணா, கம்பத்தை நாளைக்கே தேடுகிறேன். ஆனால் இரண்டாவது வழியை ஏன் ஒரே வரியில் தள்ளுகிறீர்கள்? கையில் இருக்கும் ரேஞ்ச்ஃபைண்டரை ஒரு கிளாம்ப் போட்டு ஸ்கோப் மேலேயே பூட்டிவிட்டால் 60 டாலரோடு முடிந்துவிடும். 40 மடங்கில் எல்க்கின் விலா எலும்பையே பார்த்து அளக்கலாமே.

ஆயிரம்கெஜம்

செய்து பார்த்திருக்கிறேன். ஒரு மில்லிரேடியன் விலகினால் 1,000 மீட்டரில் கதிர் ஒரு மீட்டர் தள்ளிப் படும். 10 செ.மீ. நீளக் கிளாம்பில் ஒரு மில்லிரேடியன் என்பது 0.1 மி.மீ. ஒரு தாளின் தடிமன். பையில் போட்டு மலை ஏறி இறங்கிய கிளாம்ப் ஒரு தாள் அளவுகூட அசையாது என்று யார் சொல்வது? ரேஞ்சில் மேசைமேல் வைத்துச் சுடுகிறவனுக்குச் சரி. வீட்டை விட்டுக் கிளம்பினால் ஒவ்வொரு தடவையும் நேர்ப்படுத்த வேண்டும்.

கதிருக்கு 40 மடங்கு எல்லாம் தெரியாது. அது அதன் சொந்த ஜன்னல் வழியே, அதே விரிவோடுதான் போகும். நீங்கள் விலா எலும்பைப் பார்ப்பதால் அது விலா எலும்பில் படாது. லேசர் உள்ளேயே இருக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் உண்டு, டொராண்டோவின் நியூகான் ஆப்டிக் செய்கிறது. ராணுவ ஸ்பாட்டருக்கு நல்லது, அவர் ட்ரைபாட் போட்ட இடத்தில் மணிக்கணக்கில் இருப்பார். நீங்கள் அப்படியா?

தென்தீவு

ஆமோதிக்கிறேன். ஒன்றாக்க வேண்டியது கண்ணாடிகளை அல்ல, ட்ரைபாடை. பைனாகுலர், ஸ்கோப், ரைஃபிள் மூன்றுக்கும் அடியில் ஆர்க்கா பட்டை (ட்ரைபாட் தலையில் பூட்டும் உலோகப் பட்டை) மாட்டிவிட்டேன். 38 மி.மீ. அகலம், ஒரே தலையில் எல்லாம் கடிக்கும். பைனாகுலரை ட்ரைபாடில் வைத்துப் பார்த்தவர்கள் மறுபடி கையில் பிடிக்கமாட்டார்கள். அரிசோனாவில் கூஸ் மான் தேடுகிறவர்கள் 15 மடங்கு பைனாகுலரை ட்ரைபாடில் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது சும்மாவா? கை நடுக்கம் போனதும் 10 மடங்கிலேயே இளங்காளையின் கொம்பு தெரிந்திருக்கும்.

ஒரு குறை மட்டும் சொல்லவேண்டும். எண் காட்டுவதற்காக உள்ளே பூச்சு இருப்பதால் என் பைனாகுலரில் லேசான நீலச்சாயல் உண்டு. அந்தி நேரத்தில் அதே விலைக்குச் சாதா பைனாகுலர் ஒரு படி நன்றாகத்தான் காட்டும்.

உப்பளக்கரை (வேதாரண்யம்)

துப்பாக்கிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, இங்கே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்த பிறகு வேட்டை என்ற பேச்சே கிடையாது. கோடியக்கரையில் உள்ளான் எண்ணுகிறவன். ஸ்பாட்டிங் ஸ்கோப் பற்றி மட்டும் ஒன்று. 20-60 மடங்கு என்று வாங்கிவிட்டு எல்லோரும் 60-க்குத் திருப்புகிறார்கள். 65 மி.மீ. வில்லையில் 60 வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் ஒரு மி.மீ. சொச்சம். அந்தியில் இருட்டுக்குள் பார்க்கிற மாதிரி இருக்கும். 25-ல் 2.6 மி.மீ., பளிச்சென்று இருக்கும். உப்பளத்தின் மேல் காலை 9 மணிக்குப் பிறகு கானலில் 30-க்கு மேல் எதுவும் பறவையாகவே தெரியாது. நாங்கள் திட்டுகிற கானலை வைத்துக் காற்று பார்க்கிறார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

புதுக்கை (டல்லாஸ்)

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எச்1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கியே வாங்கமுடியாது என்று ஆபீசில் சொல்கிறார்களே?

பாய்சிக்காரன்

பொதுவாக முடியாது, ஆனால் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் ஃபெடரல் சட்டத்தில் விலக்கு உண்டு. லைசென்ஸ் காலாவதியானால் விலக்கும் போயிற்று, அதை மறக்காதீர்கள். தனி இழை போடுங்கள், இங்கே வேண்டாம்.

பனிக்காட்டான்

டெக்சஸ் தம்பி விளக்கியதில் எனக்கே ஆசை வந்துவிட்டது. ஆனாலும் பேட்டரி செத்தால் என்ன செய்வாய் என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. மில் ரெட்டிகிள் (மில்லிரேடியன் அளவில் கோடு போட்ட குறி) உள்ள ஸ்கோப் இருந்தால் அளந்து பழகு. மீட்டரில் உயரத்தை 1,000-ஆல் பெருக்கி, தெரியும் மில்லால் வகு. மார்பு ஆழம் 0.6 மீட்டர், 1.5 மில் தெரிந்தால் 400 மீட்டர்.

ஆயிரம்கெஜம்

பழகலாம் அண்ணே, ஆனால் அதே 1.5-ஐ 1.4 என்று படித்தால் 429. எல்க் கொஞ்சம் திரும்பி நின்றாலோ சின்ன எல்க்காக இருந்தாலோ இன்னும் மோசம். 300-க்குள்ளா வெளியேயா என்று பார்க்க அது போதும், அதற்கு மேல் எனக்குத் தைரியம் இல்லை. நான் கூடுதலாக இரண்டு சிஆர்2 செல்லைச் சட்டை உள்பையில் வைப்பேன், உடம்புச் சூட்டில் இருக்கட்டும் என்று. அளக்கும் கருவியை உடம்போடு வைக்காதீர்கள். உள்ளே வெப்பமானி இருக்கும் வகை உங்கள் சட்டைக்குள் இருந்த சூட்டை மலையின் சூடு என்று நினைத்துக் கணக்குப் போடும்.

மலைச்சரிவு, குண்டின் இறக்கத்தைக் கணக்கிடும் ஆப்பில் காற்றழுத்தம் போடும்போதும் பாருங்கள். வானிலைச் செய்தியில் சொல்லும் 30 அங்குலம் (பாதரச அளவு) கடல்மட்டத்துக்குத் திருத்தியது. டென்வரில் உண்மையில் 24.6 சுற்று. 10,000 அடியில் 20.6.

மலைச்சரிவு

கம்பம் கிடைத்தது. ஊருக்கு வெளியே மாட்டுப்பண்ணை வேலியோரம், 318 கெஜம், பின்னால் வானம். மனைவி காரில் உட்கார்ந்து தாளில் குறித்தாள். மூன்று தடவை செய்தோம், மூன்றிலும் ஒரே படம்.

இடது வலது சரியாக இருக்கிறது. மேல் கீழ்தான். பண்ணைக் கொட்டகைக் கூரையின் விளிம்பில் வட்டத்தின் நடுவை வைத்தால் எண் வரவே இல்லை. வட்டம் முழுக்க வானத்தில் இருந்து, அதன் அடிவிளிம்பு கூரையைத் தொடும்போதும் வரவில்லை. ஏனென்று புரியாமல் கூரைக்குள் இறக்கினேன். முக்கால் வட்டம் கூரைக்குள் போனதும் வந்தது. என்றால் கதிர் வட்டத்தின் மேல்பக்கம் போகிறது, சரிதானே? நான் நினைத்ததற்கு நேர் எதிர். புதர் எல்க்கின் காலடியில் இருந்ததால் கதிர் கீழே போகிறது என்று முடிவே கட்டி வைத்திருந்தேன்.

அப்புறம் போன வருடப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால், புதரின் ஒரு கிளை எல்க்கின் முதுகு உயரத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. இலை உதிர்ந்த வெறும் குச்சி. அந்த அந்தியில் பைனாகுலரில்கூட நான் அதைப் பார்க்கவில்லை. அமைப்பும் முதல் இலக்கில்தான் இருந்தது.

ஆயிரம்கெஜம்

படித்தது சரி, மேல்பக்கம்தான். குச்சியை முதலில் பார்த்தது, சொல்லிவிட்டது. கடைசி இலக்கில் வைத்திருந்தால் எல்க்கைச் சொல்லியிருக்கும், அல்லது பின்னால் இருந்த ஆஸ்பெனை.

மலைச்சரிவு

சனிக்கிழமை கடைக்குப் போய் ரேஞ்ச்ஃபைண்டர் பைனாகுலர் இரண்டு மாடல் பார்க்கப்போகிறேன். ஸ்பாட்டிங் ஸ்கோப்பை விற்கவில்லை. ஆர்க்கா பட்டை நாலு ஆர்டர் போட்டாயிற்று.

தென்தீவு

கடை வாசலில் கம்பம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள்.